மாப்பிள்ளையும் கருப்பட்டியும்

ஊசிப்பாறைப்பட்டிக் கண்மாயில் இரண்டு நட்சத்திரங்கள் வந்து இறங்கியது தண்ணீர் லாரி வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் என்பதால், முதலில் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. லாரி வந்துவிட்டால் அந்த ஊரில் சாகக் கிடக்கிறவர்கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் சாக வேண்டும், அப்படியிருக்க, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு முண்டியடித்துக்கொண்டிருந்த பெண்கள், "யாருடி அது, கண்ணுல கண்ணாடி அடிக்கிறது?" என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. தண்ணீர் பிடித்து, சுமந்துபோய், தொட்டியில் ஊற்றி, இடுப்பை நீவி விட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். வற்றிக் கிடந்த கண்மாய்க்கு மேலே, பனைமர உயரத்தில், தவலை அளவுக்கு வெள்ளையாக ஒன்று கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு பெரிதாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. வட்டத்துக்கு உள்ளே, நெல் அவிக்கிற அண்டா அளவில், அணையப்போகிற அடுப்புக் கங்குபோல மங்கிய சிவப்பில் இன்னொன்று, ஏன் வந்தோம் என்று யோசிப்பதுபோலச் சும்மா கிடந்தது.

"நட்சத்திரம்" என்றார் டீக்கடை இருளப்பன்.

"ரெண்டு" என்றார்கள் மற்றவர்கள். அதோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளை நட்சத்திரத்துக்கு மாப்பிள்ளை என்று பேர் விழுந்துவிட்டது, ஏனென்றால் அது ஊர்வலம் போகிற புது மாப்பிள்ளைபோல எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சுற்றியது. மங்கலாகக் கிடந்ததற்குக் கருப்பட்டி என்று பேர். கரையில் மிளகாய் வத்தலும் கூழ் வடகமும் காயப் போட்டார்கள், இரவும் பகலும் காய்ந்தது. மாப்பிள்ளை ஒரு சுற்று வருவதற்கும் லாரிக் குழாயில் ஒரு குடம் நிரம்புவதற்கும் நேரம் சரியாக இருந்ததால், முட்டை அவிப்பதும் பிள்ளைகளை முட்டி போட வைப்பதும் சுற்றுக் கணக்கிலேயே நடந்தன. கோழிகள் எது விடியல் என்று தெரியாமல் சில நாள் திகைத்து, பிறகு எந்நேரமும் கூவுவது என்று முடிவுசெய்தன. ஊரில் எல்லாருக்கும் கூடுதலாக இரண்டு நிழல் வந்தது, மாப்பிள்ளை தந்தது கறுப்பு, கருப்பட்டி தந்தது துருப்பிடித்த சிவப்பு. "உன் நிழல் என் கோலத்தில் விழுகிறது" என்று மேலத்தெருவில் சண்டை வந்தபோது, கறுப்பு நிழலுக்கு அவரவர் பொறுப்பு, சிவப்பு நிழல் ஊருக்குப் பொது என்று பஞ்சாயத்தில் தீர்ப்பாயிற்று. தெருவிளக்குப் பல்புகளை மின்சாரக்காரர்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் மட்டும் ஜன்னலுக்குச் சாக்குப்படுதா கட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஊரின் ஊராட்சி மன்றத் தலைவர் செண்பகவல்லி, வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வருஷம் அவளுடைய கணவன் குருமலைச்சாமி அவளை நிற்க வைத்தான், ஊர் அவளை ஜெயிக்க வைத்தது, அதன் பிறகு அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அலுவலக நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். கூட்டத்தில் அவன் பேசினான். காலையில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினால் தாலுகா ஆபீஸ், கல்யாண வீடு, இழவு வீடு, டீக்கடை என்று ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, போகிற இடமெல்லாம், "நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த ஊரு என்னைக்கோ கவுந்திருக்கும்" என்று சொல்லுவான். வாசலில் மாட்டிய பலகையில் அவள் பெயர் இருந்தது, பக்கத்தில் அவன் படம் இருந்தது. அவள் கையெழுத்தை அவளைவிட அவன் நன்றாகப் போடுவான். ஒருமுறை வங்கியில் அவளே போட்ட கையெழுத்தைப் பார்த்து, இது தலைவர் கையெழுத்து மாதிரி இல்லையே என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று எங்கே போனாலும் காராச்சேவு வாங்கி வருவான். அவளிடம் எதையும் கேட்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானப் பேருந்திலிருந்து கறுப்புக் குடையும் முக்கோணக் கண்ணாடிக் கட்டை ஒன்றும் துணிப்பையுமாக ஒரு அம்மாள் இறங்கினார். பேர் டெய்சி அமலோற்பவம், நகரத்துப் பெண்கள் கல்லூரியில் பேராசிரியர், நட்சத்திரங்களைப் படிப்பவர். தலைவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் குருமலைச்சாமியைக் காட்ட, அவனும் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்று எழுந்தான்.

"செண்பகவல்லின்னு சொன்னாங்களே. நீங்களா?"

"அது என் வீட்டுக்காரி."

"அப்ப அவங்களைத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பாட்டுக்கு நடந்தார். முற்றத்துக்கு வந்து, "தலைவர் அம்மா, கண்மாய்க்கரையில கொஞ்சநாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி வேணும்" என்று கேட்டபோது, செண்பகவல்லி சாம்பல் கையோடு திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

தங்க இடமில்லாததால் பேராசிரியர் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். காலையில் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவார், கண்ணாடிக் கட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளைத் துணியில் வானவில் விழ வைப்பார், வானவில்லுக்குள் கறுப்புக் கோடுகள் இப்படியும் அப்படியும் நகர்வதைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். சாப்பாடு கொண்டுபோன செண்பகவல்லி, மெல்லப் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தாள்.

"அப்படி என்னத்தப் பாக்கீக டீச்சரம்மா?"

"ரெண்டுல எது கனம்னு பார்க்கிறேன்."

"மாப்பிள்ளைதான். எம்புட்டு வெளிச்சம்!"

"வெளிச்சத்தோட நிறத்தை வச்சு அது எவ்வளவு சூடுன்னு சொல்லலாம். கோடுகளை வச்சு உள்ள என்ன எரியுதுன்னு சொல்லலாம். கருப்பட்டி குறுக்க வர்றப்ப மாப்பிள்ளை எவ்வளவு நேரம் மறையுதுன்னு பார்த்தா எது எவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சுரும். ஆனா கனம் இருக்கே, ஒத்தையா நிக்கிற நட்சத்திரத்தை ஆயுசு பூரா பார்த்தாலும் அதோட கனம் தெரியாது. துணைக்கு ஒண்ணு இருக்கணும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எப்படி இழுக்குதுன்னு பார்த்துத்தான் சொல்ல முடியும்." பேராசிரியர் ரசத்தை உறிஞ்சிவிட்டுக் கையை நீட்டினார். "நல்லாப் பாருங்க. எது அலையுது?"

"மாப்பிள்ளை."

"எது இருந்த இடத்துலயே இருக்கு?"

"கருப்பட்டி."

"கனமா இருக்கிறது எதுக்கு அலையப்போகுது?"

செண்பகவல்லி அண்ணாந்திருந்த தலையைத் தாழ்த்தினாள். தூரத்தில் கரைமேல் ஒரு மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு கிழக்கே போயிற்று, கொஞ்ச நேரத்தில் மேற்கே போயிற்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பேராசிரியருக்குக் காரணம் தெரியவில்லை, ஆனாலும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த மாதம்தான் தொகுதி எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தார். பக்கத்து டவுனில் அவர் புதிதாகக் கட்டிய பேருந்து நிலையத்துக்குத் திறப்பு விழா வரவிருந்தது. கரையில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தவர், குருமலைச்சாமியின் தோளில் கைபோட்டார்.

"உங்களுக்கு எதுக்குய்யா ரெண்டு? வெள்ளையை எனக்குக் கொடு, பஸ் ஸ்டாண்டு நடுவுல தொங்கவிடணும். மங்கலை நீயே வச்சுக்க. கிராம சபையில தீர்மானம் போட்டு, உன் சம்சாரம் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. மாவட்டத்துல உனக்கு ஒரு பொறுப்பு வாங்கித் தாரேன்."

குருமலைச்சாமிக்கு உடம்பு ஒரு சாண் உயர்ந்தது. "அதுக்கென்னண்ணே, போட்டாச்சுன்னு வச்சுக்கோங்க" என்றான்.

அன்று சாயங்காலம் காராச்சேவோடு வந்து விஷயத்தைச் சொன்னபோது, செண்பகவல்லி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"ஏங்க, ரெண்டையும் பிரிச்சா எது எங்க போகும்னே தெரியாதாம். டீச்சரம்மா சொல்றாங்க. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குதாம். அது இருக்கட்டும், வத்தல் போட்டுப் பொழைக்கிற சனம் என்ன செய்யும்?"

"கருப்பட்டி இருக்குல்ல?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான், கோபத்தோடு அல்ல, சுவரில் மாட்டிய காலண்டர் பேசியதுபோல. "நீ எதுக்குப் போடணும்?" என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். அன்று அவள் சாப்பிடாமல் பேராசிரியர் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கிராம சபை எம்.எல்.ஏ. முன்னிலையில், கண்மாய்க்கரையில் ஷாமியானா போட்டுக் கூடியது. தீர்மானத்தில் செண்பகவல்லியின் கையெழுத்து ஏற்கெனவே அழகாக விழுந்திருந்தது. டவுனிலிருந்து கிரேன் வந்து நின்றது, இரும்புச் சங்கிலியில் பின்னிய வலையோடு. செண்பகவல்லி கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து, "அது நான் போட்ட கையெழுத்து இல்ல" என்றாள். மைக் அவள் கையில் இல்லாததால் முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டது. மைக் வைத்திருந்த குருமலைச்சாமி, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிரேன் பக்கம் ஓடினான். "இடது பக்கம்! இன்னும் கொஞ்சம்! நான் சொல்றதைக் கேளுய்யா!" என்று கிரேன்காரனுக்குக் கைகாட்டிக்கொண்டே வலையின் கடைசிச் சங்கிலியைப் பிடித்துச் சரிசெய்தான்.

வலை மாப்பிள்ளைமேல் கச்சிதமாக விழுந்தது. ஊரே கைதட்டியது. மாப்பிள்ளை தன்பாட்டில் சுற்றிக்கொண்டு போயிற்று. கிரேனின் இரும்புக்கயிறு விண்ணென்று இழுபட்டு, பட்டென்று அறுந்து, எம்.எல்.ஏ.வை வரவேற்கக் கட்டியிருந்த வளைவைச் சாய்த்துவிட்டு விழுந்தது. வலையும், வலையின் நுனியில் இடுப்புவார் மாட்டிக்கொண்ட குருமலைச்சாமியும் மாப்பிள்ளையோடு மேலே போனார்கள்.

"ஏய் செண்பகம்!" என்ற சத்தம் கண்மாயைச் சுற்றிப் போய், ஒரு குடம் நிரம்புகிற நேரம் கழித்து, மறுபடியும் வந்தது.

எம்.எல்.ஏ.வுக்கு அவசரமாக வேறொரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவர் கார் போனதும், கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர், இதற்கும் பழகிக்கொண்டது. இருளப்பன் நீளமான தொரட்டிக்கம்பின் நுனியில் தூக்குச்சட்டியைக் கட்டி, மடைப்பக்கம் வரும்போது டீ கொடுத்தார். தயிர்சாதப் பொட்டலத்தை மேலத்தெருப் பெண்கள் முறை வைத்து எறிந்தார்கள். குருமலைச்சாமியும் லேசில் விடுகிறவன் அல்ல. அங்கிருந்தே நிர்வாகம் பண்ணினான். மடையருகே வரும்போது நாலு வார்த்தைதான் காதில் விழும் என்பதால், ஒரு சுற்றில் ஆரம்பித்த வாக்கியத்தை அடுத்த சுற்றில் முடிப்பான்.

"வடக்குத்தெரு குழாயை ரிப்பேர் பண்ற வேலையை..." என்று சொல்லிவிட்டுப் போவான். ஊர் காத்திருக்கும். குழாய் உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. கரையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லியைப் பார்த்து யாரோ, "என்ன செய்யலாம் மதினி?" என்று கேட்டார்கள். அவள் யோசித்து, "பக்கத்து ஊருல குழாய் மாட்டுறவர் இருக்காரே, அவரை உடனே கூப்பிடுங்க" என்றாள். குருமலைச்சாமி, "...என் சித்தப்பா மகனுக்குக் குடுங்க!" என்று முடித்துக்கொண்டு வருவதற்குள் ஆள் சைக்கிளில் கிளம்பியிருந்தான். மறுநாள் காலையில் வடக்குத்தெருவில் தண்ணீர் வந்தது. அதன்பின் ஜனங்கள் வாக்கியத்தின் பாதியைக் கேட்டுவிட்டு நேராகச் செண்பகவல்லியிடம் போகலானார்கள், அவளும் முதல் ஆளுக்கு முந்தானையைத் திருகிக்கொண்டே பதில் சொன்னாள், பத்தாவது ஆளுக்குச் சாதாரணமாகச் சொன்னாள், அதற்கடுத்த ஆளை, "இதெல்லாம் ஒரு வழக்குன்னு வந்துட்டியாக்கும்?" என்று திட்டி அனுப்பினாள். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கண் மேலே போய்வந்தது. அவனுக்கு வலப்பக்கம் முழுக்க வெள்ளை வெளிச்சம் பட்டுக் கறுத்துக்கொண்டே வந்தது.

பேராசிரியருக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "தலைவர் அம்மா, உங்க வீட்டுக்காரர் ஏறினதும் கருப்பட்டியோட அசைவு மாறிப்போச்சு! அது சும்மா கிடக்கிற மாதிரி தெரியுதே தவிர, அதுவும் துளி அசையும். அந்தத் துளியை அளந்துதான் மாப்பிள்ளையோட கனத்தைக் கண்டுபிடிச்சேன். இப்ப அதே மாதிரி உங்க வீட்டுக்காரரோட கனமும் தெரிஞ்சுபோச்சு. சொல்லட்டுமா?"

"வேண்டாம் டீச்சரம்மா" என்றாள் செண்பகவல்லி. "அவரு மனசு கஷ்டப்படும். எறக்குறதுக்கு வழி சொல்லுங்க."

மாப்பிள்ளையின் பாதை சரியான வட்டம் இல்லை, கோழிமுட்டைபோல நீண்டது என்றார் பேராசிரியர். கருப்பட்டிக்குப் பக்கத்தில் போகும்போது பாய்ந்து ஓடும், தள்ளிப் போகப் போகத் தளர்ந்துவிடும், மடைக்கு மேலேதான் இருப்பதிலேயே மெதுவாகப் போகும். அங்கே வைத்து இடுப்புவாரைக் கழற்றிக் குதித்தால் பிழைத்தான்.

சாயங்காலம் ஷாமியானாத் துணியைப் பிரித்து ஊர் மொத்தமும் சுற்றி நின்று மடைக்குக் கீழே விரித்துப் பிடித்தது. செண்பகவல்லியும் ஒரு ஓரத்தைப் பிடித்து நின்றாள்.

"குதிங்க!" என்றாள்.

"பயமா இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே அவன் போனான். அடுத்த சுற்றில், "துணி கிழிஞ்சிரும்!" என்றான். அதற்கடுத்த சுற்றில், "எம்.எல்.ஏ. என்ன சொன்னாரு?" என்றான்.

"அவரு அன்னைக்கே போயிட்டாரு!"

அதைக் கேட்டுக்கொண்டே அவன் போனான். கருப்பட்டியின் பின்னால் மறைந்தான், ஊர்மேல் வெளிச்சம் குறைந்து சிவப்பு நிழல் மட்டும் விழுந்தது, துணியைப் பிடித்திருந்தவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். வெளியே வந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்.

"செண்பகம், நான் என்ன செய்யட்டும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல்தடவை. பதில் சொல்வதற்குள் அவன் கடந்துவிட்டான். செண்பகவல்லி அந்த ஒரு சுற்று முழுக்க, சொல்ல வேண்டியதை வாய்க்குள் திரட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். என் கையெழுத்தை இனி நான்தான் போடுவேன் என்று சொல்ல நினைத்தாள். அந்த நாற்காலியில் நான்தான் உட்காருவேன் என்று சொல்ல நினைத்தாள். அவன் மடைக்கு மேலே வந்தபோது, ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் வெளுத்து, கால் இரண்டும் காற்றில் துழாவ வந்தவனைப் பார்த்ததும் அவ்வளவையும் விழுங்கிவிட்டு, "வாரை அவுங்க! நான் பிடிச்சுக்குவேன்!" என்றாள்.

அவன் அவிழ்த்தான். வேட்டி வேறு திசையில் போக, அவன் துணியில் விழுந்து ஒருதரம் எழும்பி, மறுபடி விழுந்து, உருண்டுபோய் அவள் காலடியில் கிடந்தான். விழுங்கியதையெல்லாம் அவள் அப்போது சொன்னாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி, மைக் இல்லாமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவன் ஷாமியானாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

வலை அடுத்த சில சுற்றுகளில் தானாகவே நழுவி விழுந்தது. அதைத் துண்டு துண்டாக்கி ஆட்டுக்கிடைக்குப் படல் கட்டிக்கொண்டார்கள். பேராசிரியர் வத்தலும் வடகமும் பை நிறைய வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். திறப்பு விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்த எம்.எல்.ஏ. மறுபடி ஒருநாள் ஆளனுப்பிக் கேட்டபோது, ஊராட்சி அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குருமலைச்சாமி, "என்கிட்ட ஏன்யா கேக்குற? தலைவர் உள்ள இருக்காங்க, போய்க் கேளு" என்றான். போனவர் வெகு சீக்கிரம் வெளியே வந்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"மேலேருந்து பாத்தப்ப எல்லாமே சுத்துச்சு செண்பகம். வீடு, கரை, பனைமரம், சனம், எல்லாம். நீ மட்டும்தான் நின்ன எடத்துலயே நின்ன. உன்னையத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன், இல்லேன்னா தலை சுத்தி எப்பவோ விழுந்திருப்பேன்."

செண்பகவல்லி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

"நானும் அசைஞ்சேன்" என்றாள். "அங்கன இருந்து பாத்தா தெரிஞ்சிருக்காது."